மழை வேண்டாம் என்று சொன்ன விவசாயி

மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் என்று என்னைச் சொல்வார்கள். அது அபாண்டம். ஒதுங்கியிருக்கிறேன். புயல் வரும்போதெல்லாம் மரக்காணத்தில் எங்களைக் கொண்டுபோய் அடைப்பது பள்ளிக்கூடத்தில்தான். ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, சத்துணவுக் கூடம் என்று எல்லாவற்றிலும் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்ததுதான் இல்லை.

படிக்கவே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு டிவி உண்டு. கடைக்காரர் அதற்குச் சத்தம் வைக்கமாட்டார். வைத்தால் ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஊரே உட்கார்ந்துவிடும் என்று பயம். அதனால் திரைக்குக் கீழே வலப்பக்கமிருந்து இடப்பக்கம் ஓடும் செய்தியைத் துரத்தித் துரத்தித்தான் நான் எழுத்துப் பழகினேன். விளைவு, ஓடுகிற எழுத்து என்றால் தட்டுத்தடுமாறிப் படித்துவிடுவேன். நிற்கிற எழுத்து என்றால் ஆள் காலி. பேப்பரைக் கையில் கொடுத்தால், இது ஏன் நகரமாட்டேன் என்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இதையும் நான் சொல்கிறேன், எழுதுவது வேறு கை. தமிழ் தலைக்குக் குளித்துவிட்டு வந்ததுபோல இருப்பது அதனால்தான்.

என்ன தொழில் என்று கேட்டால் எந்த மாசம் என்று திருப்பிக் கேட்பேன். தை பிறந்ததும் உப்பளம். பாத்தியில் உப்பு வாருவது, குவித்து அம்பாரம் போடுவது, லாரிக்கு ஏற்றுவது. ஐப்பசியில் மழை இறங்கினால் அளம் முழுக்கத் தண்ணீர். அப்புறம் எக்கியார்குப்பத்தில் மீன் கூடை தூக்குவேன். ஆரோவில்லில் வெள்ளைக்காரர் தோட்டத்துக்கு மண் வெட்டுவேன். எதுவும் இல்லையென்றால் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி. கை சும்மா இருக்கும் நாள் உண்டு, வாய் சும்மா இருந்த நாள் கிடையாது. ஓரிடத்தில் உட்காரவும் வராது. பேசிக்கொண்டே எழுவேன், எழுந்துகொண்டே அடுத்த ஆளிடம் பேசுவேன். "ஒக்காந்த எடத்துல முள்ளா மொளைக்குது உனக்கு?" என்பாள் என் மனைவி.

இந்த வாய்தான் என்னை டிவியில் ஏற்றியது.

ஈசிஆர் ரோட்டில் வரும் செய்திக்காரர்கள் டீக்கடையில்தான் வண்டியை நிறுத்துவார்கள். முதல் தடவை ஒரு பையன் மைக்கை என் மூக்குக்கு நேராக நீட்டி, "அண்ணே, ஒரு பைட் குடுங்கண்ணே" என்றான். என் காது எதையும் பாதிதான் வாங்கும். ஃபைட் என்று விழுந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "யாரு கூடப்பா?" என்றேன். கடையே சிரித்தது. கேமரா முன்னால் நாலு வார்த்தை பேசுவதற்குத்தான் பைட் என்று பெயராம். அட, நமக்குப் பிறவித் தொழில்!

அதற்கப்புறம் மைக்கைக் கண்டால் மற்றவர்கள் ஓர் அடி பின்னால் வைப்பார்கள், நான் ஓர் அடி முன்னால் வைப்பேன். "அதோ அவரக் கேளுங்க" என்று பெண்கள் என் பக்கம் கையைக் காட்டுவார்கள். புயல் வந்தபோது பேசினேன், கீழே மீனவர் என்று போட்டார்கள். படகில் ஏறினால் கரை மறைவதற்குள் வாந்தி எடுக்கிற ஆள் நான். எலெக்‌ஷன் சமயத்தில் பேசினேன், பொதுமக்கள் என்று போட்டார்கள். கேஸ் விலை ஏறியபோது பேசினேன். எனக்கு அடுத்துப் பேசிய அம்மாவுக்கு வைத்திருந்த எழுத்து சீக்கிரமே வந்துவிட்டதுபோல. வாயைத் திறந்தபடி நான் நிற்கிறேன், எனக்குக் கீழே இல்லத்தரசி. ஒரு மாசத்துக்கு டீக்கடையில் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் முந்தானையைச் சரி செய்வதுபோல துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

என் மகள் அப்போதெல்லாம் சிரித்தாள். அதைச் சொல்லிவிட வேண்டும்.

அவள் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம், சனிக்கிழமைகளில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் ஒரு வகுப்பு ஆரம்பித்தது. திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து நடத்தினார், சின்ன வயசுப் பெண். என்ன வகுப்பு என்று கேட்டேன். மகள் சமூகவியல் என்றாள். என் காதில் சமையல் என்று விழுந்தது. வாரா வாரம் திரும்பி வந்தவுடன், "என்னாம்மா செஞ்சீங்க இன்னிக்கி? எனக்குக் கொஞ்சம் எடுத்தாந்திருக்கலாம்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள்தான் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள். மனுஷர்கள் கூட்டமாக எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் படிப்பதாம். "அதுக்கு எதுக்கு கிளாஸு? ரேசன் கடையில நின்னா போதாது?" என்றேன்.

அந்த வகுப்புக்குப் புத்தகம் கிடையாது. அன்றைக்கு வந்த பேப்பர், போனில் வந்த செய்தி, இவைதான் பாடம். இந்தச் செய்தியில் யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்று டீச்சர் கேட்பாராம். மகள் அந்தக் கேள்வியை வீட்டுக்கும் தூக்கி வந்தாள். சாப்பிடும்போது போனில் செய்தி ஓடும், இவள் சோற்றை விட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருப்பாள்.

"எப்பா, உப்பளம் உப்பளம்னு இவ்ளோ நேரம் பேசுனான். கூடை தூக்கறது பூரா பொம்பளைங்க. ஒரு பொம்பளயாவது வாயத் தொறந்தாங்களா பாத்தியா?"

"பொம்பளைங்க வேலை செய்றாங்க, நான் பேசறேன். பாகம் பிரிச்சாச்சும்மா" என்றேன்.

மனைவி குழம்புக் கரண்டியை ஓங்கினாள். மகள் புரையேறச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் நின்றுபோனது.

சித்திரையில் ஒருநாள் எதிர்பாராமல் மழை கொட்டியது. வாரி வைத்திருந்த உப்பு கரைந்து வாய்க்காலில் போனது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நாங்கள் வரப்பில் நிற்கும்போது ஒரு கேமரா வந்தது. நான் பேசியது இது: "உப்பு பூரா பாயாசம் மாதிரி ஓடுதுங்க. இந்த மழைய யாரு கேட்டா? வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க வேணாமா? போயி பிரம்மதேசத்துல பெய்யச் சொல்லுங்க, அங்க வயலு காஞ்சி கெடக்குது." இதில் முன்னாலும் பின்னாலும் நறுக்கிவிட்டு நடுத்துண்டை மட்டும் போட்டார்கள். மேலே கோடை மழை, விவசாயிகள் மகிழ்ச்சி என்று தலைப்பு. கீழே என் முகம். முகத்துக்குக் கீழே விவசாயி. வாயிலிருந்து வருவது, இந்த மழையை யார் கேட்டது.

உலகத்திலேயே மழை வேண்டாம் என்று சொன்ன ஒரே விவசாயி நான்தான். என் முகத்தை வெட்டி எடுத்து என்னென்னவோ எழுதிப் போனில் அனுப்பினார்கள். கல்யாணமா, இந்த மழைய யாரு கேட்டா. பரீட்சையா, ஒரு வார்த்தை கேக்க வேணாமா. நான் அதையெல்லாம் டீக்கடையில் காட்டிப் பெருமையடித்தேன்.

ஆடி மாசத்துச் சனிக்கிழமை ஒன்றில் டீச்சர் அந்த டிவித் துண்டை வகுப்பில் போட்டுக் காட்டிவிட்டார். அவருக்கு நான் யாரென்று தெரியாது. ஊர் சிரிக்கிற ஒரு வீடியோ, அவ்வளவுதான். பிள்ளைகளும் சிரித்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது பிரம்மதேசத்துப் பையன் ஒருவன், நிஜ விவசாயி வீட்டுப் பிள்ளை, எழுந்து நின்று கத்தினான்: "டேய், இது வெவசாயி இல்லடா! உப்பளத்து ஆளு. இவளோட அப்பா!"

மகள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பக்கத்தில் உட்காரும் அவளுடைய தோழி என் மனைவியிடம் வந்து சொல்லித்தான் எங்களுக்கு இது தெரியும். அந்தப் பெண்ணின் அத்தா துபாயில் இருக்கிறார். எங்கள் தெருவில் எது நடந்தாலும் அவருக்கு வாய்ஸ் மெசேஜ் போகும்.

அன்றிலிருந்து மகள் என்னோடு பேசவில்லை.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கத்தவில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொன்னாள், நான் அங்கேயே நிற்கும்போது.

"ம்மா, அவர சாப்புடச் சொல்லு."

"ம்மா, அவரு போனு அடிக்குது."

அவரு! எப்பா என்று கூப்பிட்ட வாய். நான் விட்டேனா? எல்லா வித்தையும் காட்டினேன். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இல்லத்தரசியாக நடந்தேன். டிவிக்காரன் குரலில், "இப்போது நமது வீட்டின் சமையல்கட்டிலிருந்து" என்று செய்தி வாசித்தேன். அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "ம்மா, அவரு பேசுனது போதும்னு சொல்லு. ஊரே கேட்டுடுச்சி."

பேசிப் பிழைக்கிறவனைப் பேச்சு நிறுத்திக் கொல்லலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. படுத்தால் புரண்டேன், எழுந்தால் நடந்தேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்ததில் கோழிக்குத் தலை சுற்றியிருக்கும். உப்பளத்தில் உப்பு வாரும் பலகை ஒரு பக்கம் இழுக்க, மனசு ஒரு பக்கம் இழுத்தது. பாத்தியின் வரப்பையே இடித்துவிட்டேன். "என்னாய்யா, வாரச் சொன்னா ரோடு போடுற?" என்றார் மேஸ்திரி. பதில் சொல்ல வாய் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

இதில் டீச்சர் கொடுத்த வீட்டுப் பாடம் வேறு. செய்தியில் வந்த ஒரு முகத்தை எடுத்து அட்டையில் ஒட்ட வேண்டும். அந்த முகத்துக்குக் கீழே செய்திக்காரர் என்ன போட்டார் என்பது கிடக்கட்டும், என்ன போட்டிருக்க வேண்டும் என்று பிள்ளைகளே யோசித்து எழுத வேண்டும். மகள் என் முகத்தை எடுத்தாள். எங்கோ பிரிண்ட் போட்டு, மஞ்சள் சார்ட்டில் ஒட்டி, கூடத்துச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. வெற்றிடம்.

போகும்போதும் வரும்போதும் நானே என்னைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என்ன எழுதப் போகிறாள்? கோமாளி என்று எழுதுவாள். வாயாடி என்று எழுதுவாள். எழுதி, அதைக் கொண்டுபோய் ஹாலில் மாட்டுவாள், அத்தனை பிள்ளைகளும் படிப்பார்கள். டிவிக்காரன் போட்டது எல்லாம் தோலில் பட்ட தூசி, தட்டிவிட்டுப் போய்விட்டேன். இவள் போடுவது தட்டினால் போகாது. ஒருநாள் யாரும் இல்லாதபோது பென்சிலை எடுத்து நானே ஏதாவது எழுதிவிடலாமா என்று பார்த்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதவும் தெரியாது. பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

நடுவில் டீச்சர் போன் செய்தார்.

"அண்ணா, யாரு என்னான்னு கேக்காம உங்க வீடியோவ கிளாஸ்ல போட்டுட்டேன். தப்புதான். இந்த சனிக்கெழமை நீங்களே வந்து பிள்ளைங்க கிட்ட பேசறீங்களா?"

நானா, வகுப்பிலா, அதுவும் புயல் இல்லாத நாளிலா? குதித்தேன். குதித்து இறங்குவதற்குள் சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

"ம்மா, அவரு வந்தா நான் வரல."

மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள். "இந்தாங்க, இங்க இருந்து அங்க, அங்க இருந்து இங்க, ஷேர் ஆட்டோ மாதிரி ஓடிக்கினு இருக்கேன் நானு. எனக்கு முடியல. ரெண்டு பேரும் போங்க. அங்கயே அடிச்சிக்குங்க."

சனிக்கிழமை வந்தது. மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது, காற்று செத்துக் கிடந்தது. மகள் சார்ட்டைச் சுவரிலேயே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். நான் போகக் கூடாது என்று முடிவு செய்து உப்பளத்துக்குப் போனேன். அம்பாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். அப்புறம் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. ஹாலை ஒரு சுற்று சுற்றினேன். கேட் வரை திரும்பிப் போனேன். மறுபடி வந்து ஜன்னலோரம் நின்று, பல்லி மாதிரி எட்டிப் பார்த்தேன்.

அந்தப் பிரம்மதேசத்துப் பையன்தான் பார்த்துவிட்டான். "டீச்சர்! வெவசாயி வந்துட்டாரு!"

ஹால் அதிர்ந்தது. மகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. நான் உள்ளே போனேன். டீச்சர் நாற்காலி போட்டார். உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

பையன் விடவில்லை. "அங்கிள், எங்க தாத்தா உங்களப் பாத்தா அடிப்பேன்னு சொன்னாரு. மழை வேணாம்னு எந்த வெவசாயியாவது சொல்வானான்னு."

அங்கிள்! என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

"அன்னிக்கி நீங்க முழுசா என்னா சொன்னீங்கண்ணா?" என்று டீச்சர் கேட்டார்.

சொன்னேன். பாயாசத்திலிருந்து பிரம்மதேசம் வரைக்கும் ஒப்பித்தேன். பையனுக்கு வாய் திறந்தபடி நின்றது. "எங்க ஊருக்கா அனுப்பச் சொன்னீங்க? டேய், தாத்தாகிட்ட சொல்லணும்டா! அந்தத் துண்ட ஏன் டீச்சர் வெட்டுனாங்க?"

ஏன் வெட்டினார்கள் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மகிழ்ச்சி என்று தலைப்பை முன்பே எழுதி வைத்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள் என்றாள் ஒருத்தி. மழைச் செய்தி என்றால் வயல்தான், உப்பு என்று ஒன்று இருப்பதே ஆபீசில் ஞாபகம் வந்திருக்காது என்றான் இன்னொருவன். நான் என் பங்குக்கு, "அன்னிக்கி நான் ஷேவ் பண்ணல, அதான் வெட்டிட்டான்" என்றேன். எனக்கு உண்மையிலேயே அதுதான் சந்தேகம்.

டீச்சர் என்னுடைய மற்ற துண்டுகளையும் போட்டார். மீனவர், இல்லத்தரசி, பொதுமக்கள். பொதுமக்கள் வந்ததும் துபாய்க்காரர் மகள் கையைத் தூக்கினாள். "டீச்சர், இவரு ஒரு ஆளு. எப்படி மக்கள்? எங்க அத்தாவ ஒரு தடவ ஏர்போர்ட்ல காட்டுனாங்க. பயணிகள்னு போட்டாங்க. அவரு தனியாத்தான் நின்னாரு. எங்க அம்மி அதப் பாத்து, கூட யாரு போறான்னு அவருகிட்ட சண்டை."

எல்லோரும் உருண்டார்கள். நானும் எழுந்து நின்று, "நான் ஒரு ஆளு இல்லம்மா. எனக்குள்ள ஒரு ஊரே கீது" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினேன். சிரிப்பு இன்னும் ஏறியது. மகளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பெஞ்சில் நகத்தால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் சிரிப்பு மூட்ட மூட்ட அவள் என்னைவிட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருப்பது தெரிந்தது. நிறுத்தவும் தெரியவில்லை. சரிவில் பிரேக் போன வண்டி மாதிரி வாய் தன்பாட்டுக்குப் போனது.

"உங்களுக்குக் கோவமே வரலையாண்ணா?" என்று டீச்சர் கேட்டார்.

"எதுக்குக் கோவம் டீச்சர்? டிவில வந்துச்சில்ல!"

அப்போதுதான் மகள் எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"டீச்சர், அவரு கிட்ட ஒன்னு கேக்கணும்."

"கேளேன். உங்க அப்பாதானே?"

"நீங்களே கேளுங்க. இவ்ளோ நாளா மைக்கு நீட்டுனவங்க யாராவது, நீ யாரு, என்னா வேலை செய்றன்னு ஒரு வார்த்தை கேட்டாங்களான்னு கேளுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். வாய் நுனியில் இரண்டு ஜோக் வந்து நின்றன. இரண்டையும் விழுங்கினேன்.

"இல்ல டீச்சர். யாரும் கேக்கல."

"இவரு சொன்னாரா?" என்றாள் மகள்.

"நானும் சொல்லலம்மா" என்றேன். நேராக அவளிடமே சொல்லிவிட்டேன்.

அவள் டீச்சர் பக்கமே திரும்பி நின்றாள். "குப்பத்துல கள்ளச்சாராயத்தால சாவு விழுந்தப்போ வந்தாங்க டீச்சர். அழறவங்க மூஞ்சிக்கு நேரா நீட்டுனாங்க. மத்த நாள்ல வந்தா சிரிக்கிறவரு மூஞ்சிக்கு நீட்றாங்க. ரெண்டும் இல்லாம சும்மா நிக்கறவங்க கிட்ட யாருமே வர்றதில்ல. எங்கம்மாவும்தான் தெனம் உப்புக் கூடை தூக்குது. எங்கம்மாவ இது வரைக்கும் யாரும் எந்தப் பேரும் போட்டுக் காட்டுனது இல்ல."

"நானும்தான் கேக்கல" என்றார் டீச்சர், மெதுவாக.

நான் ஏதோ சொல்ல எழுந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஏனென்றால் அந்த நேரத்தில் இடி இடித்தது.

மற்றவர்களுக்கு இடி காதில் கேட்கும். உப்பு வாருகிறவனுக்கு வயிற்றில் கேட்கும். ஜன்னலுக்கு வெளியே மேற்கே வானம் கறுத்து வீங்கிக்கொண்டு வந்தது. காலையில் போட்ட அம்பாரம் அப்படியே திறந்து கிடந்தது. தார்ப்பாய் வரப்பில் மடித்து வைத்த இடத்திலேயே கிடந்தது. அம்பாரம் முதலாளியுடையது, வாரிய முதுகு எங்களுடையது. "வரேன் டீச்சர்" என்று ஓடினேன். வண்டியை உதைத்தேன், அது இருமியது. மறுபடி உதைத்தேன். கிளம்பும்போது பின்னால் பாரம் ஏறியது. மகள். உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஹால் வாசலிலிருந்து அந்தப் பையன் கத்தினான்: "அங்கிள், இதையும் எங்க ஊருக்கு அனுப்புங்க!"

வழியெல்லாம் புழுதிக் காற்று. முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு மட்டும் கேட்டது. உப்பளத்தில் என் மனைவியும் இன்னொரு பெண்ணும் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அது பாய்மரம் மாதிரி உப்பி அவர்களையே தூக்கப் பார்த்தது. நான் ஒரு முனைக்குப் பாய்ந்தேன், மகள் எதிர் முனைக்குப் போனாள். முதல் சொட்டுகள் உப்பில் விழுந்து குழி குழியாகப் போட்டன. நடுவில் வெள்ளை அம்பாரம், அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

"எப்பா!"

எனக்குக் கை நின்றுவிட்டது.

"எப்பா, அந்தப் படத்துக்குக் கீழ என்னான்னு போடட்டும்?"

"என்னா?"

"என்னா போடறது? சொல்லேன்!"

"மொதல்ல தார்ப்பாயப் போடும்மா!"

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் கூட இருந்த பெண். அப்புறம் மகள், தார்ப்பாய் முனையை மார்போடு அணைத்துக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டே. எனக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. ஊரையெல்லாம் சிரிக்க வைப்பவன், சொந்த ஜோக் மண்டைக்குள் இறங்குவதற்குள் பாதி நனைந்துவிட்டேன்.

அம்பாரத்தில் ஒரு பக்கம் கரைந்துதான் போனது. மீதியை மூடிக் கல் வைத்தோம். மழை விடும்வரை தார்ப்பாயின் தொங்கும் ஓரத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நான்கு பேரும் குந்தியிருந்தோம். மகள் விடவில்லை.

"சொல்லு. நெஜமாத்தான் கேக்கறேன். நீ என்னா வேலன்னு போடறது?"

பேசியது போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், என் பதிலுக்காகக் காத்திருந்தாள். எனக்கோ ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. மைக்கு நீட்டியவர்களுக்கு எவ்வளவு கொட்டியிருக்கிறேன்!

"இந்த மாசத்துக்கு உப்பு" என்றேன் கடைசியில். "ஐப்பசி வரைக்கும் உப்பளத்து ஆளு. அதுக்கப்புறம் எனக்கே தெரியாதும்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய்த் தலை துவட்டியதும் சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்தாள். கொல்லைப்புறம் போய், அம்மாவிடம் ஏதோ கேட்டுக் கேட்டு எழுதினாள். நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். மசி காய ஊதினாள். அப்புறம் என் முன்னால் கொண்டுவந்து பிடித்தாள்.

என் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் புதிதாக வரைந்திருந்தாள். தலையில் கூடையோடு என் மனைவி. கீழே எழுத்து இருந்தது. பார்த்தேன். எழுத்தும் என்னைப் பார்த்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

"படி" என்றாள்.

"நிக்குதும்மா. எப்படிப் படிக்கறது?"

பேசும்போது மட்டும் வாய் கிழியுதுல்ல என்று முணுமுணுத்தாள். பிறகு சார்ட்டை என் வலப்பக்கமாகக் கொண்டுபோய், அங்கிருந்து இடப்பக்கமாக, மெதுவாக, டீக்கடை டிவியில் ஓடுகிற வேகத்தில் இழுத்தாள்.

உப்பளத் தொழிலாளர்கள், ஐப்பசி வரைக்கும். எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். ஒரு தடவை ஓடி முடிந்தது. மறுபடி வலப்பக்கத்திலிருந்து ஓடவிட்டாள்.

"ஐப்பசிக்கி அப்பறம் என்னா போடுவ?" என்று கேட்டேன்.

"அப்ப வந்து கேப்பேன்" என்றாள்.